தொடரோட்டத்துக்கு ஒரு சாவு

ஜவ்வாது மலையில் ஓராசிரியர் பள்ளி ஒன்றில் இரண்டு வருடத்துக்குச் சற்றுக் குறைவாக வேலை பார்த்தேன். எழுபதுகளின் கடைசி. அமிர்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மணி நேரம் ஏற வேண்டும். ஓடு போட்ட ஒரே அறை, ஒரு கரும்பலகை, இருபத்தாறு பிள்ளைகள். பதிவேட்டில் மைதானம் என்று குறித்திருந்த இடம் சரிந்து இறங்கும் பாறை. அதில் பந்தை வைத்தால் கீழே ஓடைக்குப் போய்விடும். அரசாங்கம் கொடுத்த ஒரே ரப்பர் பந்து முதல் வாரத்திலேயே போய்விட்டது.

நான்காவது மாதம் துணை ஆய்வாளர் பார்வைக்கு வந்தார். வாய்ப்பாடு கேட்டார், நகம் பார்த்தார், பிறகு உடற்கல்வி காட்டச் சொன்னார். பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துக் கையை மேலே தூக்கி இறக்கச் சொன்னேன். வேறு ஒன்றும் எனக்குத் தெரியாது.

"இது உடற்கல்வி இல்ல சார், பஸ்ஸை நிறுத்தறது" என்றார்.

இந்தப் பிள்ளைகளுக்கு எதற்கு உடற்கல்வி என்று கேட்டேன். காலையில் ஓடையிலிருந்து தண்ணீர் தூக்குகிறார்கள், மாலையில் விறகு சுமக்கிறார்கள், நடுவில் புளியமரம் ஏறுகிறார்கள். நகரத்துப் பிள்ளைகளுக்கு வேண்டுமானால் ஓடச் சொல்லிக்கொடுக்கலாம்.

"அதெல்லாம் வேலை. நான் கேக்கறது உடற்கல்வி" என்று சொல்லிவிட்டுப் பார்வைப் புத்தகத்தில் சிவப்பு மையால் எழுதினார்: உடற்கல்வி நடைபெறவில்லை. அடுத்த பார்வையில் தொடரோட்டம் நடத்திக் காட்ட வேண்டும். தவறினால் தகுதிகாண் பருவம் முடித்துவைக்கப் பரிந்துரைக்க இயலாது.

தகுதிகாண் பருவம் என்றால் வேலை இன்னும் நம்முடையதாகவில்லை என்று அர்த்தம். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு மூன்று வருடம் ஒடுகத்தூரில் அண்ணனின் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவன் நான். பரிந்துரை இல்லாவிட்டால் திரும்பவும் அந்த வாளித் தண்ணீரில் டியூபை அமுக்கிக் குமிழி பார்க்க வேண்டியதுதான்.

அடுத்த மாதம் ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு சாக்குப்பை வந்தது. அதில் ஒரு விசில், தொடரோட்டம் பற்றிய ஒரு சுற்றறிக்கை, சிவப்பும் வெள்ளையும் பட்டையடித்த நான்கு மரக்குச்சிகள். சுற்றறிக்கையை நான்கு முறை படித்தேன். சமதளமான ஓடுபாதை என்று இருந்தது. மலையில் ஓரளவு சமமாக இருந்தது அடுத்த ஊருக்குப் போகும் ஒற்றையடிப் பாதை ஒன்றுதான். ஒரு புதன்கிழமை காலை அதில் நான்கு பிள்ளைகளை நிறுத்தினேன். பள்ளி வாசலில் ஒருவர், புளியமரத்தில் ஒருவர், ஓடையில் ஒருவர், ஓடைக்கு அப்பால் மேட்டில் ஒருவர். கடைசிப் பிள்ளை குச்சியோடு அடுத்த ஊர் எல்லைக் கல்லைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். விசில் ஊதினேன்.

பிள்ளை திரும்பி வந்தான். கையில் குச்சி இல்லை.

"இன்னாடா, குச்சி எங்க?"

"ஒரு ஆளு புடுங்கினு ஓடிட்டாரு சாரு."

"எந்த ஆளு?"

"கொல்லைல சாமை அறுத்துனு இருந்தவரு. அருவாள அப்பிடியே போட்டுட்டு ஓடிட்டாரு."

உபகரணப் பதிவேட்டில் ஒரு குச்சி களவு என்று எழுதினேன். இரண்டு வருடத்தில் நான் எழுதியதிலேயே பெரிய பிழை அதுதான்.

ஒரு மணி வாக்கில் முதலில் பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருவர் தலையிலும் ஒரு கட்டு விறகு, இடுப்பில் முறத்தில் ஒரு படி சாமை. விறகைப் பள்ளிச் சுவரோரம் போட்டார்கள். சாமையை வாசலில் கொட்டினார்கள். பிறகு ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். பின்னால் ஆண்கள் வந்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பாறையில் உட்கார்ந்தார்கள். மூன்று மணிக்கு நான் எண்ணியபோது எழுபத்திரண்டு பேர். என்ன விசேஷம் என்று ஒருவரிடம் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அந்தப் பக்கத்து வழக்கம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு ஊரில் சாவு விழுந்தால் ஒருவர் கையில் குச்சியோடு அடுத்த ஊருக்கு ஓடுவார். அங்கே எதிர்ப்படும் முதல் ஆள் குச்சியை வாங்கிக்கொண்டு அதற்கடுத்த ஊருக்கு ஓட வேண்டும். எந்த வேலையில் இருந்தாலும் ஓட வேண்டும். குச்சி எந்த ஊரிலிருந்து வந்ததோ அந்த ஊருக்கு மற்றவர்கள் விறகும் தானியமும் எடுத்துக்கொண்டு போவார்கள். யார் செத்தது என்று கேட்பது மரியாதை இல்லை. போனால் தெரிந்துவிடும். சுற்றறிக்கையில் இருந்த தொடரோட்டத்தை இவர்கள் எத்தனையோ தலைமுறையாக ஓடிக்கொண்டிருந்தார்கள். என் குச்சி அன்று மாலைக்குள் ஏழு ஊர் தாண்டியிருந்தது.

ஆக, எழுபத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், செத்தது யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை, கேட்க ஒருவருக்கும் மனமில்லை. பெண்களின் ஒப்பாரி பொதுவாகவே போய்க்கொண்டிருந்தது. ஆணா பெண்ணா என்று தெரியாததால் யாருக்கும் பொருந்துகிற குணங்களாகப் பார்த்துப் பாடினார்கள். கடைசியில் எங்கள் ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் எழுந்து நின்று தன் ஊர்த் தலைகளை மட்டும் எண்ணினார். இருப்பவர்களைக் கழித்தால் இல்லாதவர் யார் என்று வந்துவிடும். ஓர் ஆள் குறைந்தார். புளி விற்க ஒடுகத்தூர்ச் சந்தைக்குப் போன ஒரு கிழவர். வழியில் ஏதோ ஆகிவிட்டது என்று முடிவாயிற்று. ஒப்பாரிக்கு உடனே உயிர் வந்தது. கிழவரின் பெயரைச் சொல்லி, அவர் மாடுகளைச் சொல்லி, அவர் தேன் எடுக்கப் போய்க் கரடியிடம் அடிபட்டதைச் சொல்லி அழுதார்கள்.

நான்கு மணிக்குக் கிழவர் உப்பு மூட்டையும் கருவாடுமாக வந்து சேர்ந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, ஓரமாக உட்கார்ந்து அவரும் அழுதார். பக்கத்தில் இருந்தவர் அவரை உற்றுப் பார்த்தார்.

"மாமா, நீ இன்னாத்துக்கு அழுவுற?"

"எல்லாம் அழுவுறீங்களே. யாருடா போனது?"

"நீதான்."

கிழவர் கொஞ்சம் யோசித்தார். "நானா? காலைல நல்லாத்தானடா இருந்தேன்" என்றார்.

அவர் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு, "கருவாடு வாங்கினு வான்னா நெத்திலியா வாங்கினு வந்த?" என்று கேட்டார்.

மறுநாள் காலை ஊர்க்கவுண்டர் பள்ளிக்கு வந்தார். சாவுக்கென்று கொண்டுவந்த விறகையும் சாமையையும் திரும்ப வீட்டுக்குள் ஏற்றக்கூடாதாம். அது பள்ளியிலேயே கிடக்கட்டும் என்றார். அடுத்த மூன்று வாரம் பிள்ளைகளுக்கு மதியம் சாமைக் கஞ்சி காய்ச்சி ஊற்றினேன். வருகைப் பதிவேட்டில் அந்த மூன்று வாரமும் ஒருவர்கூட விடுப்பு இல்லை.

"வாத்தியாரே" என்றார் ஊர்க்கவுண்டர். மலையில் எல்லோரையும் 'நீ' என்றுதான் சொல்வார்கள். அதில் மரியாதைக் குறைவு இல்லை. "கையில குச்சி, வாயில மூச்சு, இப்பிடி ஒருத்தன் வந்தா இன்னா அர்த்தம்னு உனுக்குத் தெரியாது. அது உன் தப்பு இல்ல. ஆனா பொய்ச் சாவு ஊருக்கு ஆவாது. இல்லாத சாவச் சொன்னா அது நெசமா வந்து கேக்கும்."

சிவப்பு மையை அவரிடம் படித்துக் காட்டினேன். பட்டைக் குச்சிகளைக் காட்டினேன். சர்க்கார் குச்சி, இதைக் கொடுத்து ஓடச் சொல்லி உத்தரவு, ஓடாவிட்டால் என் வேலை போய்விடும் என்றேன். அவர் ஒரு குச்சியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ உனுக்கு ஓட்டம் வோணும். எங்களுக்குச் சாவு வோணும்."

"ஆமாம்."

"பெரிய சாவா இருக்கணும்னு ஒண்ணும் இல்லியே. உசுருன்னா உசுருதான்."

இப்படித்தான் ஏற்பாடு ஆயிற்று. பிள்ளைகள் குச்சியோடு ஓடுவதானால் அன்று ஏதாவது ஒரு ஜீவன் செத்திருக்க வேண்டும். தானாகச் செத்திருக்க வேண்டும். நாமே அடித்தது கணக்கில் சேராது. அடுத்த ஊர் எல்லையில் ஓர் ஆள் நிற்பார். அவரிடம் செத்தது எது என்று சொல்ல வேண்டும். அவர் கேட்டுக்கொண்டு குச்சியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதற்கு மேல் போகாது.

முதல் புதன்கிழமை ஒரு நண்டு. ஓடையோரம் மல்லாந்து கிடந்ததை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இலையில் எடுத்துவந்தார்கள். விசில் ஊதினேன். ஓடினார்கள். எல்லையில் நின்றவரிடம் கடைசிப் பிள்ளை மூச்சிறைக்க, "நண்டு செத்துப்போச்சி" என்று சொன்னான். அவர் துண்டைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் வைத்துக்கொண்டு, "எப்போ எடுக்கறாங்க?" என்று கேட்டிருக்கிறார்.

அதற்கு நாங்கள் தயாராக இல்லை. அடுத்த வாரத்திலிருந்து எடுக்கும் நேரத்தையும் சொல்லி அனுப்பினோம்.

செத்தவற்றை நான் தனி நோட்டில் தேதிவாரியாக எழுதிவந்தேன். பெரும்பாலும் மரவட்டை, வண்டு, ஓணான். ஒருமுறை கூட்டிலிருந்து விழுந்த குருவிக் குஞ்சு. அன்று மூன்று பிள்ளைகள் உண்மையாகவே அழுதார்கள், ஓட்டம் தாமதமாயிற்று. ஒரு வாரம் பாம்புச் சட்டை கிடைத்தது. பாம்பு சாகவில்லை, தோல் மட்டும்தான் செத்தது என்று ஒரு கட்சி. தோலும் உடம்புதானே என்று இன்னொரு கட்சி. ஊர்க்கவுண்டரிடம் ஆள் அனுப்பினோம். பாதி ஓட்டம் ஓடலாம் என்று தீர்ப்பு வந்தது. ஓடை வரைக்கும் ஓடிவிட்டுத் திரும்பினார்கள். எல்லையில் காத்திருந்தவர் மாலையில் வந்து, "இன்னா, இன்னைக்கி எல்லாரும் நல்லா கீறாங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு பெண்ணைக் கவனித்தேன். ஐந்தாம் வகுப்பு. தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மேடேறி வருவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. மெதுவாக வருவாள், ஆனால் நிற்காமல் வருவாள். குச்சியைக் கொடுத்து ஓடச் சொன்னால் புளியமரத்துக்கு முன்பே உட்கார்ந்துவிடுவாள். சோம்பேறி என்று இரண்டு புதன்கிழமை திட்டினேன். மூன்றாவது புதன்கிழமை பக்கத்தில் போய்ப் பார்த்தேன். உதடு சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தது. நகத்தை அமுக்கினால் ரத்தம் திரும்பவில்லை. ஆய்வாளர் வந்தபோது அவரும் நானும் இதே நகத்தைத்தான் பார்த்திருந்தோம். அழுக்கு இல்லை, சரி என்று எழுதியிருந்தோம்.

அவளையும் அவள் அப்பாவையும் ஒடுகத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வயிற்றில் கொக்கிப்புழு. வெறுங்காலில் மண்ணிலிருந்து ஏறுவது என்றார்கள். பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். திரும்பி வந்து எல்லாப் பிள்ளைகளையும் தனித்தனியாக ஓடவிட்டுப் பார்த்தேன். இன்னும் ஆறு பேர் பாதி வழியில் உட்கார்ந்தார்கள். அவர்களையும் நடத்திக் கீழே கூட்டிப்போனேன். செருப்பு அணிவதன் அவசியம் பற்றி ஒரு பாடம் நடத்தினேன். அந்த ஊரில் செருப்பு வைத்திருந்தவன் நான் ஒருவன்தான் என்பது பாடத்தின் நடுவில்தான் எனக்கு உறைத்தது.

சுமை தூக்குகிற உடம்பு தன் நோயைச் சுமைக்கு அடியில் மறைத்துக்கொள்கிறது. மெதுவாக நடப்பவளை யாரும் ஏன் மெதுவாக நடக்கிறாய் என்று கேட்பதில்லை, தலையில் குடம் இருக்கிறது. கையை வீசி ஓடச் சொன்னால்தான் உடம்பு உண்மையைச் சொல்கிறது. ஆய்வாளர் சொன்னது சரி. வேலை வேறு, உடற்கல்வி வேறு. ஆனால் அவரும் இதை நினைத்துச் சொல்லியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

இரண்டு மாதத்தில் அந்தப் பெண் தொடரோட்டத்தில் முதல் ஆளாக ஓட ஆரம்பித்தாள். செத்ததைத் தேடிக் கண்டுபிடிப்பதிலும் அவள்தான் கெட்டி.

ஆய்வாளரின் இரண்டாம் பார்வை ஒரு புதன்கிழமை, மழைக்கு மறுநாள் வந்தது. புது ஷூ கடித்து நொண்டிக்கொண்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பார்வைப் புத்தகத்தைத் திறந்து பழைய சிவப்பு மையைப் படித்தார்.

"ஓடச் சொல்லுங்க."

விசில் ஊதினேன். நான்கு பிள்ளைகளும் அவரவர் இடத்துக்குப் போகாமல் என்னையே பார்த்தார்கள்.

"சாரு, இன்னைக்கி இன்னும் யாரும் சாவல" என்றாள் அந்தப் பெண்.

"யார் சாகணும்?" என்றார் ஆய்வாளர்.

விளக்கினேன். என்னைப் பொறுத்தவரை அது மிகத் தெளிவாக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. இதற்குள் மொத்தப் பள்ளியும் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தது. மழை பெய்திருந்ததால் அன்று எல்லாமே உயிரோடு இருந்தன. மரவட்டைகள் ஊர்ந்தன, தவளைகள் குதித்தன, ஒரு வண்டு தலைகீழாகக் கிடந்து நம்பிக்கை கொடுத்துவிட்டு எழுந்து பறந்துவிட்டது. அரை மணி நேரம் போயிற்று. ஊர்க்கவுண்டரும் வந்துவிட்டார். அவரும் புதருக்குள் தேடினார்.

"அமிர்தியில எனக்கு நாலரைக்கு பஸ் சார்" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

வாளித் தண்ணீரும் டியூபும் எனக்குக் கண்ணில் தெரிந்தன. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அப்போது ஆய்வாளர் பளீரென்று தன் பிடரியில் தானே அடித்துக்கொண்டார். ஒரு மாட்டு ஈ பார்வைப் புத்தகத்தின் மேல் விழுந்தது. அசையவில்லை.

இருபத்தாறு பிள்ளைகளும் மேசையைச் சுற்றிவிட்டார்கள்.

"செத்துடுச்சி!"

"அடிச்சது சேராதுடா."

"அவரு வேணும்னு அடிக்கல. கடிச்சிது, கை தானா போச்சி" என்றாள் அந்தப் பெண்.

ஊர்க்கவுண்டர் ஆய்வாளருக்கு முன்னால் வந்து நின்று துண்டை இறக்கினார்.

"தோ பாருய்யா. நெசத்தச் சொல்லு. வேணும்னே அடிச்சியா?"

ஆய்வாளர் என்னைப் பார்த்தார், ஈயைப் பார்த்தார். இருபது வருடம் விளக்கக் கடிதங்கள் வாங்கிப் பழகியவர். தன்னிடம் ஒரு விளக்கம் கேட்கப்படுகிறது என்பது புரிந்ததும் முதுகை நிமிர்த்தினார்.

"எந்த உள்நோக்கமும் கிடையாது" என்றார்.

"அப்போ செல்லும்" என்றார் ஊர்க்கவுண்டர். "ஆனா உன் கைப்பட்டுப் போன உசுரு. மொதல் சேதி நீதான் எடுத்துனு போவணும்."

அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுக்கவில்லை. காலிலிருந்து ஷூவைக் கழற்றினார். அது கடித்ததனால்கூட இருக்கலாம். பட்டைக் குச்சியை வாங்கிக்கொண்டார். நான் விசில் ஊதியதும், பள்ளி வாசலிலிருந்து புளியமரம் வரைக்கும், வயிறு குலுங்க, சட்டைப் பையிலிருந்து பேனாவும் மூக்குப்பொடி டப்பியும் வழியில் விழ, ஒரு ஈயின் மரணச் செய்தியை எடுத்துக்கொண்டு துணை ஆய்வாளர் ஓடினார். மரத்தடியில் அந்தப் பெண் குச்சியை வாங்கிக்கொண்டு பறந்தாள். அங்கிருந்து ஓடை, ஓடையிலிருந்து மேடு, மேட்டிலிருந்து எல்லை. எல்லையில் இருந்தவர், "எப்போ எடுக்கறாங்க?" என்று கேட்டதற்கு, "பஸ்சுக்கு முன்னாடி" என்று பதில் சொல்லப்பட்டது.

ஆய்வாளர் மரத்தடியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் பேனாவைத் தேடி எடுத்து, பார்வைப் புத்தகத்தோடு கொண்டுவந்து கொடுத்தார்கள். புத்தகத்தில் ஈ ஒட்டிக்கொண்டிருந்த இடத்தை விட்டுவிட்டு, அதைச் சுற்றி எழுதினார்: உடற்கல்வி நடைபெறுகிறது. மாணவர்கள் காரணத்தோடு ஓடுகிறார்கள். தகுதிகாண் பருவம் முடித்துவைக்கப் பரிந்துரைக்கலாம்.

ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். என் வேலை என்னுடையதாகிவிட்டது.

அவர் தலை மறைந்ததும் அந்தப் பெண் வந்து நின்றாள். "சாரு, குச்சிய கீழ வெச்சிட்டு இன்னொரு வாட்டி ஓடட்டா?"

"எதுக்கு?"

"சும்மா."

ஊர்க்கவுண்டரைப் பார்த்தேன். "இன்னொரு ஈக்கு நான் எங்க போக?" என்றேன்.

"ஈ எதுக்கு? குச்சி இல்லாட்டிப் போனா அது சாவுச் சேதியே இல்ல. வெளயாட்டு. ஓடட்டும் வுடு" என்றார் அவர்.

ஏழு மாதமாக ஒவ்வொரு புதன்கிழமையும் நண்டும் வண்டும் தேடியிருக்கிறோம். இதை அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"குச்சி சர்க்கார் குச்சி, அத்தோட ஓடினாத்தான் ஓட்டம்னு நீதான சொன்ன. படிச்சவன் சொல்றான்னு கம்முனு இருந்தேன்" என்றார்.

பிள்ளைகள் அதற்குள் ஓடிவிட்டிருந்தார்கள். நான் விசில் ஊதவில்லை.